பழைய வண்டிக்கு இது போதும்!

ஜலகண்டாபுரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் என்ஜினுக்குள் செயின் தளர்ந்து சலசலத்தால், அது யார் காதிலும் விழாது. ஊரே சலசலத்துக்கொண்டிருக்கும்போது ஒரு வண்டியின் முனகலை யார் கேட்பது? தெருவுக்குத் தெரு தறிக்கூடம். விடிகாலையில் ஆரம்பிக்கிற 'தடக் தடக்' ராத்திரி ஷிஃப்ட் முடிகிறவரை ஓயாது. வெளியூரிலிருந்து போகிற என்னைப் போன்ற ஆளுக்கு முதல் நாள் தலைவலி. மூன்றாம் நாள் பழகிவிடும். நாலாம் நாள் ஊர் திரும்பினால், நம் வீட்டு அமைதியில் தூக்கம் வராது!

அங்கே கரன்ட் போனால்தான் மற்ற சத்தமெல்லாம் கேட்கும். என் மச்சானுக்கு அப்படித்தான் கேட்டது. அவர் என் மனைவியின் அண்ணன். சொந்தமாக எட்டுத் தறி, 1999ல் வாங்கிய ஒரு ஸ்பிளெண்டர். ஒருநாள் பராமரிப்புக்காக கரன்டை நிறுத்திவிட்டார்கள். தறிகள் நின்றன. சும்மா இருப்பானேன் என்று நூல் மூட்டையைப் பின்னால் கட்டி வண்டியை உதைத்திருக்கிறார். இடது பக்கம், என்ஜினிலிருந்து ஒரு கரகர.

"தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி இருந்துச்சு மாப்ள. எத்தனை மாசமா அப்படிச் சத்தம் போட்டுதோ... தறி ஓட்டத்துல தெரியவே இல்ல!"

பட்டறைக்குப் போனார். மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கேம் செயின் போயிருச்சுங்கண்ணா, மாத்திரலாம்" என்றார். ஸ்பேர்ஸ் கடைப் பையன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஒரிஜினலா, லோக்கலா?"

மச்சான் வாயைத் திறக்கும் முன் மெக்கானிக் பதில் சொல்லிவிட்டார். "பழைய வண்டிக்கு இது போதும்!"

வித்தியாசம் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மச்சான் தலையாட்டினார். நீங்களாக இருந்தாலும் ஆட்டியிருப்பீர்கள். நானும்தான்.

நாலு மாசம். தாரமங்கலம் போகிற ரோட்டில், சாயங்கால நேரம், துணிக்கட்டோடு போய்க்கொண்டிருந்தவருக்கு என்ஜின் 'டமார்' என்று ஒரு சத்தம் கொடுத்து நின்றது. செயின் பல்லைத் தாண்டிவிட்டது. வால்வு வளைந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றி, வால்வு மாற்றி, பேக்கிங் மாற்றி, திரும்பவும் ஒரு செயின் போட்டு... நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததற்குச் சில ஆயிரம் தண்டம். அன்றைக்குப் போய்ச் சேர வேண்டிய துணி போய்ச் சேராததற்கு வியாபாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கணக்கு.

"பழைய வண்டிக்கு இது போதும்." இந்த நாலு வார்த்தையோடுதான் எனக்கு இந்த வாரம் சண்டை.

முதலில், கேம் செயின் என்றால் என்ன என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம். பின் சக்கரத்தைச் சுற்றுகிறதே, அந்தச் செயின் இல்லை. அது வெளியில் தெரியும். தளர்ந்தால் நீங்களே பார்த்துவிடலாம். கேம் செயின் என்ஜினுக்குள் ஒளிந்திருப்பது. மெக்கானிக்குகள் சிலர் டைமிங் செயின் என்பார்கள். கீழே சுற்றுகிற கிராங்க் ஷாஃப்டையும் மேலே ஹெட்டில் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டையும் இணைப்பது அது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. எப்போதும் அதே கணக்கு. ஒரு பல் பிசகினாலும் வால்வு திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது.

இதைச் சென்னையில் ஒருவருக்குப் புரியவைக்கப் படம் போட வேண்டும். ஜலகண்டாபுரத்தில் தேவையில்லை. ஏனென்றால் அவர் ஓட்டுகிற தறியிலேயே இதே சமாசாரம் இருக்கிறது! சாதாரண விசைத்தறியில் மேலே கிராங்க் ஷாஃப்ட், கீழே பாட்டம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் பாட்டம் ஷாஃப்ட் ஒரு சுற்று. அதிலிருக்கும் டேப்பட்தான் விழுதை ஏற்றி இறக்குகிறது. பாவு வாயைத் திறக்கும், நாடா பாயும், வாய் மூடும். அந்த நேரம் தவறினால் என்ன ஆகும் என்று தறிக்காரரைக் கேளுங்கள். நாடா பாவுக்குள் மாட்டி, நூற்றுக்கணக்கான இழையை ஒரே அடியில் அறுத்துவிட்டுப் போகும். பிறகு ஒவ்வொரு இழையாக முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். வால்வும் பிஸ்டனும் மோதுவது அதேதான். இழைக்குப் பதில் இரும்பு.

ஒரு வித்தியாசம், வேகம். இந்த மாதிரிப் பழைய தறி நிமிஷத்துக்கு நூற்று இருபது, நூற்று ஐம்பது தடவை நாடா அடிக்கும். உங்கள் பைக் என்ஜின் நிமிஷத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 2,500 தடவை திறந்து மூடுகிறது. வினாடிக்கு நாற்பதுக்கும் மேல்! அத்தனையையும் நேரம் தவறாமல் நடத்துவது சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு செயின்.

தறியில் நாடா அடிக்கிற நேரம் அரை அங்குலம் பிசகினால் ஃபிட்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிற மனிதர், அதே நேரக் கணக்கை வண்டியில் நடத்துகிற செயினைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் தலையாட்டுகிறார். நூல் வாங்கும்போது இவரைப் பார்க்க வேண்டும். நாற்பதாம் நம்பர் என்று சீட்டில் போட்டிருந்தாலும் நம்ப மாட்டார். கண்டியைப் பிரிப்பார். இழையை இரண்டு விரலில் உருட்டி முறுக்கைப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடிப்பார். எந்த மில், எந்த லாட் என்று கேட்பார். அப்புறம்தான் விலை. அந்தக் கண்ணும் விரலும் ஸ்பேர்ஸ் கடை வாசலில் மட்டும் எங்கே போய்விடுகின்றன?

நம்முடைய சோம்பேறித்தனத்துக்கு ஒரு பழைய விளம்பரமும் காரணம் என்பேன். 1984ல் ஹீரோவும் ஹோண்டாவும் கூட்டுச் சேர்ந்து, 1985ல் சி.டி. 100 வண்டியைக் கொண்டுவந்தார்கள். புல்லட், ஜாவா, ராஜ்தூத் என்று உறுமலோடும் புகையோடும் ஓடிக்கொண்டிருந்த நாட்டில் அது ஓர் அதிசயம். 'பெட்ரோலை நிரப்பு, மூடியை மூடு, மறந்துவிடு' என்பதுதான் அந்த விளம்பரத்தின் சாரம். மைலேஜைப் பற்றிச் சொன்னது அது. நாமோ மொத்தமாக மறந்துவிட்டோம்! ஆயிலை மறந்தோம், டேப்பட்டை மறந்தோம். உள்ளே ஒரு செயின் ஓடுகிறது என்பதையே மறந்தோம். 1994ல் ஸ்பிளெண்டர் வந்தது. 2010 டிசம்பரில் இரண்டு கம்பெனிகளும் பிரிவதாக அறிவித்தன. 2011ல் ஹீரோ மோட்டோகார்ப் என்று பெயர் மாறியது. மறதி மட்டும் மாறவில்லை.

ஆனால், அந்த என்ஜின் மறதியையும் தாங்கிக்கொண்டது. அது ஹோண்டாவின் 'கப்' வண்டிகளின் பரம்பரையில் வந்தது, சிலிண்டரைப் படுக்கப்போட்ட குடும்பம். 1958ல் ஜப்பானில் பிறந்த சூப்பர் கப், 2017ல் 10 கோடி எண்ணிக்கையைத் தாண்டியது. வியட்நாமில் கோழிக்கூண்டு ஏற்றுகிறவரும், இந்தோனேஷியாவில் காய்கறி விற்கிறவரும் அந்த வம்சத்து வண்டிகளில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். ஓமலூர் சந்தைக்குப் பால் கேன் கொண்டுபோகிறவரின் சி.டி. 100க்கு, சைகோன் தெருவில் சொந்தக்காரர்கள் உண்டு. அங்கேயெல்லாம் பழைய வண்டி என்றால் 'இன்னும் உழைக்கிற வண்டி' என்று அர்த்தம். இங்கே 'கண்டதைப் போட்டு ஓட்டு' என்று அர்த்தம்.

(டி.வி.எஸ். 50 வைத்திருக்கும் பெரியவர்கள் 'எனக்கு எந்த கேம் செயின்?' என்று கடிதம் போட வேண்டாம். உங்கள் வண்டிக்கு அது கிடையாது. ஆர்.எக்ஸ். 100க்கும் கிடையாது. டூ ஸ்ட்ரோக்கில் வால்வே இல்லை, செயின் எதற்கு? பழைய புல்லட்டில் செயினுக்குப் பதில் தள்ளுகம்பி. நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டலாம். ஆனால் பேரன் 2015க்குப் பிறகு எக்ஸ்.எல். 100 வாங்கியிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அது ஃபோர் ஸ்ட்ரோக்.)

செயின் தளர்கிறது என்கிறோம். இரும்பு நீள்வதில்லை. செயினில் கண்ணிக்குக் கண்ணி ஒரு ஊசி, அதைச் சுற்றி ஒரு குழல். இரண்டும் உரசித் தேய்கின்றன. இந்த 100 சிசி வண்டியின் செயினில் எண்பது சொச்சம் கண்ணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தேய்ந்தால், தலைமுடி கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராத தேய்மானம் அது, மொத்தச் செயின் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். நல்ல செயின் என்பதும் மட்டச் செயின் என்பதும் இந்த ஊசியையும் குழலையும் எவ்வளவு கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே மினுமினுக்கும். மட்டமானது ஒருவேளை கூடுதலாகவே மினுமினுக்கும்!

அதனால்தான் 'ஒரிஜினலா, லோக்கலா?' என்கிற கேள்வியே மோசடி என்கிறேன். பதில் இரண்டுதான் என்று நம்மை நம்பவைக்கிற கேள்வி அது. நடுவில் மூன்றாவதாக ஒன்று இருப்பதை அது மறைத்துவிடுகிறது.

மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் பல சாமான்களைச் சொந்தமாகச் செய்வதில்லை. செயின், பேரிங், பிளக் எல்லாம் அந்தந்தத் தொழில்காரர்கள் செய்து கொடுப்பது. செயின் செய்கிறவர்கள் எங்கோ ஜப்பானில் இல்லை. நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். கோயம்புத்தூரில் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ், 'ரோலான்' என்ற பெயரில். சென்னையில் முருகப்பா குழுமத்தின் டி.ஐ.டி.சி., 'டயமண்ட்' என்ற பெயரில். வண்டிக் கம்பெனிகளுக்கும் கொடுப்பவர்கள், சொந்தப் பெயரிலும் கடைக்கு அனுப்புகிறவர்கள். ஜலகண்டாபுரத்திலிருந்து கோயம்புத்தூர் அரைநாள் பயணம்கூட இல்லை. ஆனால் கவுன்டரில் அந்தப் பெயரை நீங்களாகக் கேட்டால்தான் எடுப்பார்கள். கேட்காவிட்டால் கம்பெனி டப்பா ஒரு பக்கம், பெயரே இல்லாத பாலிதீன் உறை ஒரு பக்கம். காசில்லாதவன் தானாகப் பாலிதீன் உறைக்குப் போய்விடுவான். (எனக்கு எந்தச் செயின் கம்பெனியிலும் மாமன் மச்சான் கிடையாது. இருந்தால் என் மச்சானுக்கே இந்தக் கதி வந்திருக்காது.)

'லோக்கல்' என்கிற சொல்லை வைத்து நல்லவர்களைத் திட்டவும் கூடாது. சின்னப் பட்டறைக்காரர் சொந்தப் பெயரை, முகவரியைப் போட்டு விற்றால் அது நேர்மையான சரக்கு. நன்றாக இருந்தால் வாங்குவோம், இல்லாவிட்டால் போய்க் கேட்போம். என் கோபம் இரண்டு பேர் மேல். பெயரே போடாமல் விற்கிறவர், அடுத்தவர் பெயரைப் போட்டு விற்கிறவர். இரண்டாமவருக்கு 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. போலிச் செயின் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

"அப்ப கம்பெனி டப்பாவையே வாங்கிட்டா பிரச்னை இல்லையே சார்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எந்த டப்பா? காலி டப்பாவுக்கும் இந்த நாட்டில் விலை உண்டு. நீங்கள் பட்டறையில் போட்டுவிட்டு வருகிற ஒரிஜினல் டப்பாவுக்குள் நாளைக்கு எது வேண்டுமானாலும் குடிபோகலாம். மச்சானுக்கு இரண்டாம் தடவை செயின் வாங்கியபோது அவர் செய்த முதல் காரியம், டப்பாவை நாலாகக் கிழித்தது. கடைப் பையன் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தானாம்.

சரி, கையில் வாங்கினால் எதைப் பார்ப்பது?

முதலில் உறை. பொட்டலத்தில் விற்கும் பொருளுக்குச் செய்தவர் பெயர், முகவரி, தயாரித்த மாதம் வருஷம், அதிகபட்ச விலை, புகாருக்குத் தொடர்பு இவ்வளவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் இதெல்லாம் இருக்கிறது. உங்கள் உயிரைச் சுமக்கிற வண்டிக்குள் போகிற செயினில் இல்லை என்றால், 'வேண்டாம்' என்று திருப்பித் தருவதற்கு அதுவே போதும்.

அடுத்து நம்பர். இந்தப் பழைய 100 சிசி ஹீரோ ஹோண்டாக்களின் செயினில் 25எச் என்று இருக்கும். மந்திரம் ஒன்றும் இல்லை. 2 என்றால் கண்ணிக்குக் கண்ணி அங்குலத்தில் எட்டில் இரண்டு பங்கு, அதாவது 6.35 மில்லிமீட்டர். 5 என்றால் மேலே உருளும் ரோலர் இல்லாத, குழல் மட்டும் உள்ள ரகம். எச் என்றால் பக்கத் தகடு கனமானது. அந்த எச் இல்லாத செயினும் பல்லில் அழகாக உட்காரும். உட்கார்ந்து, மெலிந்த தகட்டோடு வினாடிக்கு வினாடி இழுபடும். 'எல்லாம் ஒண்ணுதாங்க' என்று கடைக்காரர் சொன்னால், நாற்பதாம் நம்பர் நூலும் அறுபதாம் நம்பர் நூலும் ஒண்ணா என்று கேளுங்கள். அதோடு கண்ணிகளின் எண்ணிக்கையும் சரியாக இருக்க வேண்டும். ஸ்பிளெண்டர் என்று பெயர் இருப்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. 100 சிசி ஸ்பிளெண்டர் என்ஜின் வேறு, 125 சிசி சூப்பர் ஸ்பிளெண்டர் என்ஜின் வேறு. மாடல், வருஷம், பார்ட் நம்பர் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். பார்ட் நம்பர் என்ன என்று தெரியாதா? எப்படித் தெரியும்! அதைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து வண்டியோடு கொடுக்க எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. விளம்பரம் மட்டும் சுத்தத் தமிழில் வருகிறது.

அப்புறம் செயினையே கையில் எடுங்கள். தகட்டில் செய்தவர் பெயரோ குறியோ அடித்திருக்கிறதா? ஓரம் பிசிறாக இருக்கிறதா? ஒவ்வொரு கண்ணியாக மடக்கிப் பாருங்கள். எங்கேயாவது ஒன்று இறுகி நின்றால் அது ஓட்டத்தில் அடிக்கும். இரண்டு முனையையும் பிடித்துக் கிடைமட்டமாக, தகடுகள் மேலும் கீழும் இருக்கும்படி நீட்டுங்கள். புதுச் செயின் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். வில்லாக வளைந்து தொங்கினால், கடையிலேயே பாதி வயசாகிவிட்ட செயின் அது. பழையதைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் தேய்ந்த நீளம் கண்ணுக்கே தெரியும். இதற்கெல்லாம் மீட்டர் வேண்டாம், படிப்பு வேண்டாம். நூல் பார்க்கிற கை போதும்.

இத்தனையும் பார்த்து நல்ல செயின் வாங்கி, அதைக் கெடுப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. செயினை மட்டும் மாற்றுவது! அந்தச் செயினைத் தளராமல் பிடித்திருப்பது ஒரு டென்ஷனர். ஸ்பிரிங்கும் ஆயிலும் சேர்ந்து ஒரு கம்பியைத் தள்ள, அந்தக் கம்பி ஒரு கையைத் தள்ள, கையின் நுனியில் ரப்பர் பூசிய ரோலர் செயினை அமுக்கிக்கொண்டிருக்கும். வழியில் இன்னொரு ரோலர் தாங்கும். இருபது வருஷ ரப்பர், சூட்டிலும் ஆயிலிலும் கிடந்து கல்லாகிப்போயிருக்கும். சில வண்டிகளில் பிய்ந்து விழுந்து ஆயில் சல்லடையில் கிடக்கும். அந்தக் கிழட்டு ரோலர் மேல் புதுச் செயினைப் போடுவது, தேய்ந்த நாடாப் பெட்டியில் புது நாடாவை விடுகிற மாதிரி. பல்சக்கரத்தின் பல் கொக்கியாக வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாட்டும்போது மேக்னட்டில் உள்ள 'டி' குறியும், கேம் சக்கரத்தில் உள்ள சின்ன வட்டக் குறியும் அதனதன் இடத்தில் நேராக நிற்கின்றனவா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு மெக்கானிக்.

இன்னொன்று. எந்தச் சத்தம் வந்தாலும் 'டேப்பட் சவுண்டு' என்று முறுக்கிவிடுகிற வைத்தியர்கள் இருக்கிறார்கள். டேப்பட் என்றால் சீராக டிக் டிக் என்று வரும். செயின் என்றால் காலையில் முதல் உதையிலும், ஆக்ஸிலேட்டரை விடும்போதும் இடது பக்கம் கரகரக்கும். அதைத் தெரிந்துகொள்ள, தறி ஓடாத நேரத்தில் வண்டியை ஒருதரம் உதைத்துப் பாருங்கள்.

மெக்கானிக்கைத் திட்டிவிட்டு முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

கேம் சக்கரத்தைக் கழற்றி, மேக்னட்டைப் புல்லர் போட்டு இழுத்து, செயினை உருவி, குறி பார்த்து மாட்டி, கை முழுக்கக் கருப்பாகி நிற்கிறார் ஒரு மனிதர். கூலி சொல்கிறார். நாம் என்ன செய்கிறோம்? "என்னப்பா, ஒரு செயின் மாத்தறதுக்கு இவ்வளவா?" என்று ஐம்பது ரூபாயைக் குறைக்கிறோம். குறைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் சாமர்த்தியத்தைச் சொல்கிறோம். அந்த ஐம்பதை அவர் எங்கே பிடிப்பார்? ஸ்பேர்ஸ் கடையில். எந்தப் பொட்டலத்தில் அவருக்குக் கூடுதலாக நிற்கிறதோ அந்தப் பொட்டலம் நம் வண்டிக்குள் போகிறது. உழைப்புக்குக் காசு கொடுக்க நமக்கு மனசு வராது. பொருளுக்குள் ஒளித்துக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்போம். அப்படிப் பழக்கியது நாம்தான். நெசவுக் கூலிக்குப் போராடுகிற ஊரில், வியாபாரி கூலியைக் குறைத்தால் கொதிக்கிற ஊரில், பட்டறைக்காரன் கூலியில் கைவைக்க நமக்கு எப்படி மனசு வருகிறது?

செயினை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அப்புறம் 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பில்லையும் வாங்குங்கள். "பில் போட்டா டாக்ஸ் ஏறுமுங்க" என்பது நிரந்தர வசனம். 2025 செப்டம்பர் 22 முதல் டூ வீலர் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வசனம் மட்டும் குறையவில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தர மறுப்பதே முறைகேடான வியாபாரம். புகார் சொல்ல 1915 என்று நாலே எண்ணில் ஓர் உதவி எண்ணும் இருக்கிறது. என் மச்சானால் அந்த முதல் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. ஏன்? கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. "நம்மகிட்ட வாங்குனதுன்னு எப்படிங்க சொல்றீங்க?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

அரசாங்கமும் இந்த நாலு வார்த்தையைத்தான் வேறு பாஷையில் சொல்கிறது. பதினைந்து வருஷம் தாண்டிய டூ வீலரின் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆக்கினார்கள். பழசைக் கழித்துவிட்டுப் புதுசு வாங்கு என்பது அதன் பொருள். அதே 2022ல், ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டு, டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். உழவுக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் எல்லாவற்றையும் ஜனங்கள் தாங்களே பழுதுபார்த்துக்கொள்ளத் தகவல் கிடைக்க வேண்டுமாம். நல்ல காரியம். கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் பழுதுபார்க்கும் உரிமை என்பது ஜலகண்டாபுரத்தில் என்ன? 25எச் என்று எழுதிய, செய்தவர் பெயர் போட்ட ஒரு செயின், நியாயமான விலையில், பில்லோடு கவுன்டரில் கிடைப்பது. அது இல்லாமல் இணையதளத்தை எந்தப் பல்சக்கரத்தில் மாட்டுவது?

"புகை கக்குகிற பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே" என்று சிலர் சொல்வார்கள். நேரம் தவறிய வால்வுதான் பெட்ரோலைச் சரியாக எரியவிடாமல் வீணாக்குகிறது. சரியான செயினும் சுத்தமான ஆயிலும் போட்ட பழைய வண்டி, அதைக் குறைக்கத்தான் செய்யும். பேட்டரி வண்டி வாங்கச் சொல்கிறவர்கள், எட்டுத் தறிக்காரருக்கு அதற்கான பணத்தையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். அதுவரை அவருக்கு வண்டி என்றால் இதுதான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது இதில். பீமைக் கட்டிக்கொண்டு போவது இதில். அவருடைய அம்மாவுக்கு நடுராத்திரி மூச்சுத் திணறினால் மேட்டூருக்கு ஓடுவதும் இதில்தான். அந்த ஓட்டத்தின் நடுவில் பல் தாண்டிய செயினிடம் போய், 'பழைய வண்டிதானே' என்று சமாதானம் சொல்ல முடியுமா?

இரண்டாம் தடவை மச்சான் எல்லாம் மாற்றினார். செயின், டென்ஷனர் கை, இரண்டு ரோலர், கம்பியின் நுனி ரப்பர். ஆயிலும் புதுசு. பழைய செயின் இரண்டையும் தறிக்கூடத்தில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். முதலாவது, கம்பெனி போட்டு அனுப்பியது, பத்தொன்பது வருஷம் ஓடியது. இரண்டாவது, நாலு மாசம் ஓடியது. ஆணியில் தொங்கும்போது நாலு மாசச் செயின்தான் நீளமாகத் தெரிகிறது.

போன வாரம் போன் பண்ணினார். பின்னால் தறிச் சத்தம் இல்லை. அன்றைக்கும் கரன்ட் கட் போல.

"மாப்ள, ஒரு நிமிஷம் இரு. போனை என்ஜின் பக்கத்துல வெக்கறேன். கேக்குதான்னு சொல்லு."

உதைத்தார். மெதுவாக ஓர் ஓட்டம்.

"ஒண்ணும் கேக்கலையே மச்சான்."

"நெசமா? கரகரன்னு எதும்?"

"ஊஹூம்."

"சரி சரி, கரன்ட் வந்துருச்சு, வெக்கறேன்" என்றார். தடக் தடக் ஆரம்பித்துவிட்டது.